ஆயுள் சொல்லாத விதி

கேள்வி: காரைக்குடிப் பக்கம் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ரிமோட் கார் பந்தயம் விடுகிறோம். விதி மாறிக்கொண்டே இருக்கிறது. உள்ளே கரித்துண்டு உரசும் பிரஷ் மோட்டார் போய், உரசல் இல்லாத பிரஷ்லெஸ் வந்தது. நிக்கல் பேட்டரி போய் லைப்போ என்ற லித்தியம் பேட்டரி வந்தது. இப்போது 21.5 டர்ன் (கம்பிச் சுற்று) மோட்டார்தானாம், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. கருவி, கூடுதல் வேகம் ஏற்றாத 'பிளிங்கி' முறையில்தான் ஓட வேண்டுமாம். எங்களிடம் இருக்கும் 13.5 செல்லாதாம். கேட்டால் 'மாற்றத்துக்குப் பயப்படும் பெருசுகள்' என்று இளவட்டங்கள் கேலி செய்கிறார்கள். பழைய விதியே இருந்தால் என்ன குறைந்துவிடும்?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோட்டையூர்

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதி பர்ஸ் பேசுகிறது. பேசட்டும், தப்பில்லை. அதற்குக் கொள்கைச் சாயம் பூசுவதுதான் வேண்டாம்.

உங்கள் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, கவனித்தீர்களா? 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் காலத்தில், அலைவரிசையைத் தீர்மானிக்க ஆளுக்கொரு கிரிஸ்டல். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ரிமோட்டை ஆன் செய்தால் ஓடுகிற கார் தறிகெட்டுப் போய்ச் சுவரில் மோதும். இந்தத் தொல்லை இல்லாத 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்ததும் எல்லோரும் கிரிஸ்டலைத் தூக்கிப் போட்டார்கள். அதுவும் புதுச் செலவுதான். நீங்கள் முணுமுணுக்கவே இல்லையே!

பழைய காலம் சல்லிசு என்பதும் பாதிக் கதைதான். பிரஷ் மோட்டாரில், பிரஷ் உரசுகிற கம்யூட்டேட்டர் என்ற செப்புப் பகுதி தேயும். அதைக் கடைந்து சமப்படுத்த ஒரு குட்டி லேத், அப்புறம் பிரஷ், ஸ்பிரிங் என்று ஓயாத செலவு. நிக்கல் செல்களை ஒவ்வொன்றாக அளந்து, ஒத்துப்போகிற ஆறைப் பொறுக்கிக் கட்டிய பேக்குக்குத் தனி விலை. காசுள்ளவன் கை ஓங்கியிருந்தது. லைப்போவில் இரண்டு செல், 7.4 வோல்ட், முழுச் சார்ஜில் 8.4. பந்தயத்துக்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்தால் அதிகமாக ஏற்றியவர் மாட்டிக்கொள்வார். தீப்பிடிக்கும் என்ற பயம் நியாயமானது. சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஆனாலும் புது பேட்டரி மேல் புகார், அதுவும் காரைக்குடிப் பக்கத்திலிருந்து! வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில், லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊரய்யா அது.

பிளிங்கி விஷயத்தில் நீங்கள் எதிர்ப்பது உங்களுக்குச் சாதகமான விதியையே. இ.எஸ்.சி.யின் மென்பொருளில் டைமிங்கை, அதாவது மோட்டாருக்கு மின்சாரம் மாற்றிவிடும் நேரத்தை, முன்தள்ளி ஏற்றினால் சாதாரண மோட்டாரும் பேயாய்ப் பறக்கும். அப்படி ஏற்ற வசதியுள்ள இ.எஸ்.சி.க்கு விலையும் அதிகம். டைமிங்கைச் சுழியத்தில் வைத்தால் அதன் விளக்கு விட்டுவிட்டு எரியும். நடுவர் குனிந்து பார்த்தாலே போதும். விலை கூடிய இ.எஸ்.சி. வாங்கும் போட்டிக்குப் போட்ட கடிவாளம் அது. 21.5-ம் அதே கணக்குதான்: சுற்று கூடினால் வேகம் குறையும், பார்ட்ஸ் உடைவதும் குறையும்.

சரி, உங்கள் நியாயத்துக்கு வருகிறேன். நேற்று வாங்கிய 13.5-ஐ இன்று செல்லாது என்பது அடாவடி. நம் சிவகங்கைச் சீமை மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விடுகிறார்கள். பூஞ்சிட்டு ஓடுகிறது என்பதற்காகப் பெரிய மாட்டை விற்றுவிட்டு வா என்று எந்த விழாக் கமிட்டியும் சொல்வதில்லை. நீங்களும் 13.5-க்குத் தனிப் பிரிவு கேட்கலாம். ஆனால் பதினைந்து பேரை இரண்டாகப் பிரித்தால் ஒரு பந்தயத்துக்கு ஏழெட்டு கார்தான் நிற்கும், ஒரு வருஷத்தில் இரண்டுமே படுத்துவிடும். அதனால் இந்த சீசன் முழுக்க 13.5 ஓடட்டும், அடுத்த சீசனிலிருந்து 21.5, அதன்பின் மூன்று வருஷத்துக்கு யாரும் விதியில் கை வைக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். விதி போடுகிறவர்களில் மோட்டார் விற்கிறவர் யாராவது இருக்கிறாரா என்றும் கூட்டத்தில் கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் பிரஷ்லெஸ் வாங்கி வந்த புதிதில் பழைய பிரஷ் மோட்டாரோடு நின்றாரே ஒருவர், அவர் இப்போது பந்தயத்துக்கு வருகிறாரா? அன்று அவருக்காக யார் கடிதம் எழுதினார்கள்?