பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் ரீபில்ட் பண்றேன், ஹெட் ஸ்கிம் பண்ணியாச்சு (அடிப்பக்கத்த சீவி சமமாக்கியாச்சு). கேம் டைமிங்குக்கு (வால்வத் திறக்கிற கேம் ஷாஃப்ட்ட கிராங்கோட சேர்த்து வைக்கறதுக்கு) ஃபேக்டரி மார்க் போதுமா, டிகிரி வீல் (கிராங்க்ல மாட்டற டிகிரி போட்ட வட்டு) வேணுமா?

மார்க்க மட்டும் சேர்த்து வச்சாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும். ஆனா ஹெட்ட ஸ்கிம் பண்ணிட்டீங்கல்ல, ஓவர்ஹெட் கேம் இன்ஜின்னா கேமுக்கும் கிராங்குக்கும் நடுவுல தூரம் குறைஞ்சிருக்கும், அந்த லூச டென்ஷனர் இழுத்துக்கும், கேம் கொஞ்சம் ரிட்டார்ட் ஆயிடும், அதாவது லேட்டா வேலை செய்யும். பழைய செயின் நீண்டிருந்தாலும் இதே கதிதான். கீழ் ஆர்பிஎம்ல இழுவை இல்லையேன்னு கார்புரேட்டரையே நோண்டிட்டு இருப்பாங்க, காரணம் இங்க இருக்கும். அதனால டிகிரி வீல் போட்டு அளந்துடுங்க.

முதல்ல டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சில நிக்கிற புள்ளி. இதுல தப்பினா மீதி எல்லாமே தப்பு. பிஸ்டன் மேல போய் நிக்கிற இடத்துல கிராங்க் சில டிகிரி சுத்தினாலும் பிஸ்டன் அசையாது, கண்ணால பாத்து பிடிக்கவே முடியாது. பிளக் ஓட்டைல ஸ்டாப் ஒண்ணு போட்டு, மெதுவா ரெண்டு பக்கமும் முட்டற வரைக்கும் சுத்தி, ரெண்டு ரீடிங்குக்கும் நடுப்புள்ளிய எடுங்க.

அப்புறம் இன்லெட் டேப்பெட் (கேம் தள்ளற துண்டு) மேல டயல் கேஜ். லோப் (கேமோட மேடு) உச்சியும் அதே மாதிரி மொழுக்குனு இருக்கும், அதனால உச்சிக்கு 1 மிமீ கீழ ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு எடுங்க. டிடிசிக்கு அப்புறம் 76, 144னு வந்தா நடு 110. கேமோட வர்ற அளவு கார்டுல 106னு போட்டிருந்தா 4 டிகிரி லேட், அது கிராங்க் கணக்கு, கேம் பாதி வேகத்துல சுத்தறதால கேம்ல 2 டிகிரிதான் முன்னாடி தள்ளணும் (இந்த ரெண்டையும் குழப்பிக்காதவங்க கம்மி). இங்க எப்பவும் இன்ஜின் ஓடற திசைலயே சுத்துங்க, தாண்டிப் போயிட்டா நல்லா பின்னாடி போய் திரும்ப வாங்க, இல்லன்னா செயின் லூசும் ரீடிங்ல சேர்ந்துடும்.

தள்றதுக்கு வழி இன்ஜினப் பொறுத்தது. எம்ஜிபி கார் மாதிரி புஷ்ராடு (கேம் கீழ இருந்து கம்பியால வால்வத் தள்ளற) இன்ஜின்னா ஆஃப்செட் கீ, அதாவது ஸ்ப்ராக்கெட்ட கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிற சாவி. ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜின்ல ஸ்ப்ராக்கெட்ல பல் வச்ச அட்ஜஸ்டர் பிளேட் இருக்கு, ஓட்டை சேரலன்னா பிளேட்ட 180 டிகிரி திருப்பிப் போட்டா சேரும். ஆனா அதுல செயின் கழட்டின நிலைல கேம்களத் தனித்தனியா சுத்தாதீங்க, இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டி வால்வு வளைஞ்சிடும்.

பெரிய கேம் போட்டிருந்தா பிஸ்டன் மேல களிமண் வச்சு வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பாருங்க, பொதுவா இன்லெட்ல 1.5 மிமீ, எக்ஸாஸ்ட்ல 2 மிமீக்கு குறையக்கூடாது. எல்லாம் டைட் பண்ணின பிறகு கையாலயே ரெண்டு முழு சுத்து சுத்திட்டு மறுபடி அளங்க, போல்ட் இறுகும்போது அரை டிகிரி நகர்றது சகஜம்.