எந்தக் கூற்றுக்கு வட்டம் வரைய வேண்டும்?

கேள்வி: வங்கி அதிகாரிப் பணிக்கான ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். கொடுத்த கூற்றுகளிலிருந்து ஒரு முடிவு கிடைக்குமா என்று கேட்கும் சிலாஜிசம் கேள்விகளில், எல்லாக் கூற்றுகளுக்கும் வட்டம் (வென் படம்) வரைவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. வரையாவிட்டால் விடை தவறுகிறது. எதை வரைவது, எதை விடுவது?

பதில்: ரீசனிங் (தர்க்கத் திறன்) பகுதியில் 35 கேள்விகளுக்கு 20 நிமிடம், ஒன்றுக்குச் சராசரியாக 34 விநாடி. எல்லாவற்றையும் வரைந்தால் கட்டுப்படியாகாது. முதலில் முடிவுகளைப் படியுங்கள். முடிவில் வரும் இரண்டு பெயர்களையும் இணைக்கும் கூற்றுகள் மட்டும் போதும்.

எடுத்துக்காட்டாக: எல்லா ஆறுகளும் ஏரிகள். எந்த ஏரியும் மலையல்ல. சில மலைகள் காடுகள். சில காடுகள் சாலைகள். (ஆறு எப்படி ஏரியாகும் என்று கேட்கும் உரிமை தேர்வு எழுதுபவருக்குக் கிடையாது.)

‘எந்த ஆறும் மலையல்ல’ என்ற முடிவுக்கு முதல் இரண்டு கூற்றுகளே போதும். மனத்திலேயே சொல்லிவிடலாம், சரி. ‘சில சாலைகள் மலைகள்’ என்பதற்குக் கடைசி இரண்டைப் பாருங்கள். இரண்டுமே ‘சில’. இரண்டு ‘சில’ சேர்ந்து உறுதியான முடிவைத் தராது. வட்டமே வேண்டாம், தவறு. ‘சில காடுகள் ஏரிகளல்ல’ என்பதற்கு நடுவில் உள்ள இரண்டு கூற்றுகள் வேண்டும். மலையாக இருக்கும் காடு ஏரியாக இருக்க முடியாது, எனவே சரி. மூன்று முடிவுகளிலும் நான்காவது கூற்றை வரைய வேண்டிய தேவையே வரவில்லை.

‘வாய்ப்புண்டு’ என்று முடியும் முடிவுகளில் மட்டும் சோம்பல் கூடாது. ‘எல்லாக் காடுகளும் ஆறுகளாக இருக்க வாய்ப்புண்டு’ என்பது படிக்கும்போது சரியென்றே தோன்றும். வரைந்தால்தான் தடை தெரியும்: சில காடுகள் மலைகள், மலை எதுவும் ஏரியல்ல, ஆறுகளோ முழுவதும் ஏரிக்குள். ஆகவே தவறு.

‘ஒன்லி எ ஃபியூ’ கூற்றையும் கட்டாயம் வரையுங்கள். சில காடுகள் மட்டுமே சாலைகள் என்றால், சாலையல்லாத காடுகளும் உண்டு என்று பொருள். எல்லாக் காடுகளும் சாலைகளாகும் வாய்ப்பு அத்துடன் அடைபடுகிறது. எல்லாச் சாலைகளும் காடுகளாகும் வாய்ப்போ அப்படியே இருக்கிறது. இந்தத் திசை மாற்றத்தில்தான் நன்றாகப் படித்தவர்களும் தவறான விடை எழுதி, அதற்குக் கழிக்கப்படும் கால் பங்கு மதிப்பெண்ணையும் இழக்கிறார்கள்.

இனி பழைய வினாத்தாள்களைப் போடும்போது, விடை கண்ட பிறகு பயன்படாத கூற்றுகளை அடித்துக் காட்டுங்கள். சில நாள்களில் அவை வரைவதற்கு முன்பே கண்ணில் படத் தொடங்கும்.