நிலைய வாசலில் நின்றவர்கள்

கேள்வி: லண்டனிலும் பாரிசிலும் போலீசோடு மோதி ஊரையே கொளுத்துகிறார்கள். நம் சேலத்து மக்கள் காக்கிச்சட்டைக்கு அஞ்சி நடப்பவர்கள். இங்கே அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்கிறேன். சரிதானே? (அம்மாப்பேட்டை வாசகர், சேலம்)

பதில்: அஞ்சி நடப்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. 2011 ஆகஸ்டு 4 அன்று வடக்கு லண்டனின் டாட்டன்ஹாமில் ஓர் இளைஞரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். ஊர் அன்று எரியவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய உறவினரும் அக்கம்பக்கத்தாரும் காவல் நிலைய வாசலுக்குச் சென்று, மூத்த அதிகாரி ஒருவர் வெளியே வந்து நடந்ததைச் சொல்லட்டும் என்று மணிக்கணக்கில் காத்து நின்றார்கள். அவர்கள் கேட்ட விளக்கம் கிடைக்கவில்லை. இருட்டத் தொடங்கிய பிறகுதான் போலீஸ் வண்டிகள் எரிந்தன. பர்மிங்ஹாம், மான்செஸ்டர் வரை பரவிய அந்தக் கலவரத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். (கடைகளை உடைத்து மூட்டை கட்டிக்கொண்டு போனவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

பாரிசின் புறநகரில் 2005 அக்டோபரில், போலீசுக்குப் பயந்து ஓடிய இரண்டு சிறுவர்கள் துணை மின்நிலையத்துக்குள் ஒளிந்து, மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று வாரம் வண்டிகள் எரிந்தன. ஓடியதற்குக் காரணம் நீங்கள் பாராட்டும் அதே அச்சம்தான்.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2021 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், சோதனைச் சாவடி ஒன்றில் லத்தியடி பட்ட வியாபாரி ஒருவர் இறந்துபோனார். அடித்த சிறப்பு உதவி ஆய்வாளர் உடனே கைது செய்யப்பட்டார். அந்தக் கைது ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால் உறவினர்கள் பொறுமையாக வீட்டில் இருந்திருப்பார்கள் என்று உங்களால் உறுதியளிக்க முடியுமா?

போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் ஆணையங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவர்களாக்கி, பக்கத்தில் போலீஸ் அதிகாரிகளையே உறுப்பினர்களாக உட்கார வைத்தது. அடித்தவரின் மேலதிகாரி எதிரில் அமர்ந்திருக்க, அடிபட்டவர் எதை வாய்விட்டுச் சொல்வார்?

உங்கள் தெருவிலிருந்து யாராவது மனு கொடுக்க நிலையத்துக்குப் போனால், ஒருமுறை துணைக்குப் போய்வாருங்கள். சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் ஒப்புகைச் சீட்டு) கைக்கு வர எத்தனை மணி நேரம் ஆனது, அதுவரை அவரை உட்காரச் சொன்னார்களா என்பதைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.