சேற்றின் மேல் நிற்கும் மணல் தீவுகள்

கேள்வி: அமெரிக்காவின் லூசியானா கரைக்கு முன்னே அரண்போல் கிடக்கும் மணல் தீவுகள் வேகமாகக் கரைவதாகப் படித்தேன். புயலும் கடல்மட்ட உயர்வும் மட்டும்தான் காரணமா? (வாசகி ஒருவர், கடலூர்)

பதில்: இல்லை. அவற்றைவிட, தீவுகளின் அடியில் இருக்கும் சேற்றையே நான் முதலில் குறிப்பிடுவேன். அக்கரையிலுள்ள கிராண்ட் ஐல் தீவில் கடல்மட்டம் நெடுங்காலமாக ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் உயர்ந்து வந்திருப்பதாக அளவீடுகள் காட்டுகின்றன. அதில் பெரும்பகுதி நிலம் தாழ்வதால் வருவது.

மிசிசிப்பி ஆறு அவ்வப்போது தடம் மாறும். அது கைவிட்ட கழிமுகத்துக்குப் புதிய வண்டல் வராது. பழைய களிமண்ணோ நீர் பிழியப்பட்டு இறுகித் தாழும். அலைகள் நுண்சேற்றைக் கரைத்துக்கொண்டு போக, எஞ்சும் மணல் கரையோரம் திரண்டு, பின்புறச் சதுப்பு நீரில் மூழ்கியதும் தனித் தீவாகிறது. சாண்டலூர் தீவுகள் இப்படிப் பிறந்தவை. 2005ஆம் ஆண்டின் கத்ரீனா புயலில் அவற்றின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்தது.

புயல் அலைகள் முகட்டைத் தாண்டி மணலைப் பின்புறம் எறிவதால் இத்தகைய தீவுகள் கரையை நோக்கி நகர்கின்றன. கெட்டித் தரையில் இது வெறும் இடப்பெயர்ச்சிதான். இங்கோ, அதுவரை சுமையே தாங்காத காயல் சேற்றின் மேல் மணல் விழுகிறது. உழுது நீர் கட்டிய வயலில் நடப்பவனின் கால் புதைவதுபோல, அந்தப் பாரத்தாலேயே தீவு அமிழ்கிறது. ஒரே நாளில் அன்று. களிமண்ணிலிருந்து நீர் வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் மெல்ல மெல்ல. பள்ளத்தை நிரப்பவே மணலில் ஒரு பங்கு செலவாகிவிட, உயரத்துக்கு எஞ்சுவது குறைகிறது. தாழ்ந்த தீவைச் சிறு புயலும் கடந்துவிடுகிறது. மீண்டும் புதுச் சேற்றின் மேல் மணல். தீவு கடந்துபோன இடத்தில், கடற்பக்கமாக, நசுங்கி இறுகிய பழைய சதுப்புக் களிமண் புல்வேர்களோடு வெளிப்படும். அதை அலை அரித்தாலும் கலங்கல்தான் மிஞ்சும், மணல் தேறாது.

இதே கரையில் 1856இல் கோடைவாசத்தலமாக இருந்த ஐல் டெர்னியர் தீவு அவ்வாண்டு ஆகஸ்ட் புயலில் சிதைந்தது. பிற்காலத்தில் பல துண்டுகளாகிவிட்டது. அதற்கு அப்பால், கடலடியில் ஷிப் ஷோல் என்ற மணல்திட்டு கிடக்கிறது. முன்பே மூழ்கிப்போன அத்தகைய தீவு வரிசையின் எச்சம் அது. இன்று அங்கிருந்தே மணலைத் தோண்டி எடுத்துக் கரையோரத் தீவுகளைச் சீரமைக்கிறார்கள். கொட்டும் மணலின் எடையும் சேற்றை அமுக்கும் என்பதால், எவ்வளவு தாழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அளவுக்குக் கூடுதல் உயரமாகவே கொட்ட வேண்டியிருக்கிறது.