வரையச் சொல்வதும் படம் எடுக்கச் சொல்வதும் எப்படி ஆராய்ச்சியாகும்?

கலைவழி ஆய்வு என்றால், கேள்வித்தாளோடு நிற்காமல் ஓவியம், புகைப்படம், பாட்டு, நாடகம் வழியாக மக்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்ல வைத்து, அதை ஆராய்வது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த பாட்டியிடம் "லயத்து வாழ்க்கை (தோட்டத்து வரிசை வீட்டு வாழ்க்கை) எப்படி?" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ல, ஓடிப்போச்சு" என்பார். வரையச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையைப் பெரிதாகப் போட்டு, தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டை மூலையில் ஒதுக்குவார். ஏன் என்று கேளுங்கள், கதை அங்கேதான் திறக்கும்.

பழகிப்போன வாழ்க்கைக்குச் சட்டென்று சொல் வராது. வலியை டாக்டரிடம் விவரிக்க வாய் தடுமாறும், விரல் சரியான இடத்தைத் தொட்டுவிடும் அல்லவா, அப்படி.

1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து வளர்த்த 'போட்டோவாய்ஸ்' (தாங்களே எடுத்த படத்தைக் காட்டி மக்கள் பேசும் முறை) இந்த வகைதான்.

"எனக்கு வரையத் தெரியாதே" என்று பலர் தயங்குகிறார்கள். படத்தின் அழகுக்கு இங்கே மார்க் கிடையாது, அதைக் காட்டி அவர் பேசுவதுதான் தகவல்.