எம்.ஏ. தமிழ் படிக்கும் மகளும் நூல் பதிப்பு மென்பொருளும்

மதிப்பிற்குரிய ஐயா,

உசிலம்பட்டியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இருமுறை படித்தேன். மதுரையில் எம்.ஏ. தமிழ் படிக்கும் உங்கள் மகள், பி.எட். பற்றிப் பேச்செடுத்தால் ‘ஓப்பன் மோனோகிராஃப் பிரஸ்’ என்ற மென்பொருளைக் கற்றுக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார் என்றும், இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைக் கற்றவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது.

அந்த மென்பொருளை உருவாக்கியது கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் ‘பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட்’. ஜான் வில்லின்ஸ்கி 1998இல் தொடங்கிய அமைப்பு அது. ஆய்விதழ்களுக்கான அவர்களுடைய ‘ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் பயன்படுகிறது. உங்கள் மகள் கற்பது அதே குடும்பத்தில் ஆய்வு நூல்களுக்கென்று அமைந்தது. யாரும் பெறலாம், மாற்றலாம் என்ற உரிமத்தில் வருவதால் விலை இல்லை. ஆனால் அதை நிறுவவும், பராமரிக்கவும், அதைக் கொண்டு ஒரு நூலை முறையாக வெளிக்கொணரவும் ஆள் வேண்டும். சம்பளம் அந்த உழைப்புக்குத்தான்.

ஓர் ஆய்வு நூலின் கைப்பிரதி வந்து சேர்வது, பதிப்பகத்துக்குள் நடக்கும் மதிப்பீடு, வெளியிலுள்ள அறிஞர்களின் மதிப்பீடு, படி திருத்தம் (மொழியையும் நடையையும் செம்மையாக்குவது), பக்க வடிவமைப்பு, மெய்ப்புப் பார்த்தல் (வடிவமைத்த பக்கங்களில் பிழை பார்ப்பது), நூற்பட்டியலில் ஏற்றுதல் என்று எல்லாக் கட்டமும் அதில் வரிசையாக அமைந்திருக்கின்றன. தொகுப்பு நூலாக இருந்தால் ஒவ்வோர் இயலுக்கும் அதன் ஆசிரியரைத் தனியாகப் பதியலாம். பிடிஎஃப், இபப் (மின்னூல் வடிவம்) ஆகிய வடிவங்களுக்குத் தனித்தனி ஐஎஸ்பிஎன், அதாவது நூலை அடையாளம் காட்டும் எண், கொடுக்கலாம். பதிப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பார்த்தால் மட்டுமே பிடிபடும் இந்த ஒழுங்கை, ஒரு மாணவி வீட்டு மடிக்கணினியிலேயே பழகிவிட முடிகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்காக வேலை செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் தங்களுடைய சொந்த மென்பொருளையே பயன்படுத்துகின்றன. ஆகவே இந்தப் பெயரைத் தன்விவரக் குறிப்பில் எழுதுவதால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. நேர்காணலில் அவர்கள் பார்ப்பது திருத்தும் திறன், ஆங்கிலம், எக்ஸ்எம்எல் போன்ற குறியிடலில் (தலைப்பு, பத்தி போன்ற நூலின் பகுதிகளைக் கணினி அறியும்படி குறிப்பதில்) பழக்கம் ஆகியவற்றைத்தான். இந்த மூன்றில் ஆங்கிலத்துக்கு உங்கள் மகள் இப்போதே நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது நல்லது.

ஆனால் தமிழ் படித்தவருக்கே உரிய வேலை ஒன்று இருக்கிறது. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கைப்பிரதிகளை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறுகின்றன. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் எழுத்து சிதைகிறது. சொல்லடைவைத் தமிழ் அகரவரிசையில் அமைக்கக் கணினியை மட்டும் நம்ப முடிவதில்லை. சந்தி தெரிந்த, யூனிகோடும் தெரிந்த ஒருவர் கிடைக்காமல் நூல்கள் பிழையோடு வெளியாவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவி, அடுத்த ஆண்டே ‘செந்தமிழ்’ இதழ் வெளிவந்த ஊர் இந்த மதுரை. இங்கே படிக்கும் பெண்ணுக்குப் பதிப்பு வேலையில் ஆர்வம் வந்ததில் வியப்பில்லை.

அவரிடம் ஒரு பயிற்சி கொடுங்கள். துறையில் நடந்த கருத்தரங்கின் பத்துக் கட்டுரைகளை, பேராசிரியரின் இசைவும் கட்டுரையாளர்களின் ஒப்புதலும் பெற்று, அந்த மென்பொருளில் ஒரு நூலாக முடிக்கட்டும். மதிப்பீட்டாளர், படி திருத்துநர், வடிவமைப்பாளர் ஆகிய பொறுப்புகளைத் தோழியர் பகிர்ந்துகொள்ளலாம். ஆறு மாதத்தில் முடிந்தால், நேர்காணலில் எடுத்துக்காட்ட அவர் கையில் ஒரு நூல் இருக்கும். முடியாமல் போனால், எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை வைத்தே அவருக்கு எது பொருந்தும் என்று நாம் பேசலாம்.

பி.எட். சேர்க்கையை இதற்காகக் கைவிட வேண்டியதில்லை, எம்.ஏ. முடியும்வரை இரண்டையும் திறந்தே வைத்திருங்கள். அடுத்த முறை மதுரைக்கு வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். அவர் கையால் திருத்திய மெய்ப்புத் தாள்கள் நான்கைந்து கொண்டுவரட்டும்.