மறு: டைட்டானியம் உச்சம் 461-இல் நிற்கிறது

ஊட்டியில் செய்த டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தை XPS கருவியில் (எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்துப் பரப்பில் என்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டுவது) பார்த்தால் டைட்டானியத்தின் உச்சம் 461.0, கார்பனின் உச்சம் 287.3 எலக்ட்ரான் வோல்ட்டில் வருகிறது, சிலிக்கானும் தெரிகிறது, மாதிரி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. எலக்ட்ரான்கள் வெளியேறியதும் பரப்பில் நேர்மின்னூட்டம் தங்கி, உச்சங்கள் எல்லாம் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன. பரப்பில் ஒட்டியிருக்கும் கார்பனை அளவுகோலாக வைத்து, அதை வழக்கமான 284.8-க்கு இறக்குங்கள்; மற்ற உச்சங்களையும் அதே அளவு நகர்த்துங்கள். டைட்டானியமும் 2.5 குறைந்து 458.5-க்கு வரும், ஆக்சைடுக்கு உரிய இடம்தான்.

எனக்குச் சிலிக்கான் மேல்தான் சந்தேகம். அது 102 எலக்ட்ரான் வோல்ட் அருகே என்றால் பெரும்பாலும் சிலிகோன் (சிலிக்கான் உள்ள பாலிமர்) அழுக்கு, கவரிலிருந்து ஒட்டியிருக்கலாம். பிளாஸ்டிக் கவரிலா அனுப்பினீர்கள்? இந்தக் கருவி மேலே உள்ள 10 நானோமீட்டரைத்தான் பார்க்கும், விரல் பட்டாலே காட்டிக்கொடுத்துவிடும். குன்னூரிலிருந்து அப்படி அனுப்பி நானும் ஏமாந்திருக்கிறேன். சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றுங்கள். அப்புறம், நம்மூர் மழை ஈரத்தோடு அனுப்பாதீர்கள், நன்றாக உலர்த்திவிடுங்கள்.